முத்தாரங்குளம் பத்து

எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து அழகாகிவிடும். மற்றவர்களுக்குக் கோபத்தில் கை நடுங்கும், நாக்கு குழறும். எனக்கு எழுத்து முத்து முத்தாக விழும். சாதாரண நாளில் நான் எழுதும் மளிகைச் சீட்டைக் கடைக்காரரால் வாசிக்க முடியாது (கடலைப்பருப்பு என்று எழுதி அனுப்பியதற்கு ஒரு தடவை கடலைமிட்டாய் வந்தது). ஆனால் மின்வாரியத்துக்கும் ரேஷன் கடைக்கும் பஸ் டிப்போவுக்கும் நான் எழுதிய மனுக்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்து புரியாமல் நடந்த தப்பாக இருந்தால் என் மனசு என்றைக்கோ ஆறியிருக்கும். எழுத்து நன்றாகப் புரிந்ததால் நடந்த தப்பு இது.

நான் பிறந்தது அருமனைப் பக்கம். ரப்பரும் தென்னையுமாக இருக்கிற ஊர். கல்யாணமாகி வந்து சேர்ந்தது தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு வயல்காட்டு ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு அரசு அலுவலகத்தில் எங்கள் ஃபைலை இன்னும் மூடவில்லை. அருமனைப் பக்கம் வயல்வெளியை ஏலா என்போம். வந்த புதிதில் ஒரு நாள், "மாமா ஏலாவுக்குப் போயிருக்காவ" என்று சொல்லிவிட்டேன். என் மாமியார் பொன்னம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏலாவா? ஏலேலோன்னு பாட்டு படிக்கதுக்கா போயிருக்காவ? பத்துக்குப் போயிருக்காவன்னு சொல்லுட்டி."

இங்கே ஒரு குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து என்பார்கள். முத்தாரங்குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலெல்லாம் முத்தாரங்குளம் பத்து. அவ்வளவுதான் விஷயம். அந்த ஏலேலோ கேலி என்னை விடவே இல்லை. பூக்காரி வந்தாலும் சொல்லிச் சிரித்தார், என் அம்மா வந்தபோதும் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து நானும் வாயைத் திறந்தால் பத்து, பத்து என்றே பேசத் தொடங்கினேன். ஊர்க்காரர்கள் ஒரு தடவை சொல்கிற இடத்தில் நான் மூன்று தடவை சொன்னேன். பிற்பாடு குடியைக் கெடுத்தது அந்த வீம்புதான்.

என் மாமனார் பூதலிங்கம் குளத்துப் பாசன விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். செயலாளராக இருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். "நம்ம மருமவ படிச்சவளாக்கும், ஃபாரம் எல்லாம் எழுதுவா" என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உலகத்தில் உள்ள எல்லா அநியாயத்தையும் ஒரு மனுவில் சரி பண்ணிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அநியாயம் எங்கள் குளத்தின் தென்கிழக்கு மூலையில் நடந்துகொண்டிருந்தது. மனை விற்கிற ஒருத்தர் டிப்பர் லாரியில் செம்மண் கொண்டுவந்து குளத்துக்குள் தட்டிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள். எதற்கு முதலாளி என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று லோடு, நான்கு லோடு என்று தினமும் தட்டுவார். தாமரை இருந்த இடம் மண்மேடானது. நாரை நின்ற இடத்தில் கலர் கொடி நட்டார்கள். அந்த மூலையில்தான் கீழ்மடை இருந்தது. அது அடைபட்டால் பத்தின் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகாது. அதில் எங்கள் வயலும் உண்டு.

சும்மா இருப்பேனா? மனு எழுதினேன். ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. குளத்தின் எல்லை அளக்கப்படவில்லை, அளந்த பிறகே ஆக்கிரமிப்பா இல்லையா என்று சொல்ல முடியுமாம். சரி, அளந்து தாருங்கள் என்று எழுதினேன். அளக்க நிதி இல்லை என்று பதில் வந்தது. அதாவது, கள்ளன் வீட்டுக்குள் நிற்கிறான், ஆனால் வீட்டின் அளவு தெரியாததால் அவன் உள்ளே நிற்கிறானா வெளியே நிற்கிறானா என்று சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தை வாசித்த அன்று என் கையெழுத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அப்போதுதான் அந்த மானியம் பற்றிப் பேப்பரில் செய்தி வந்தது. நீர்நிலைகளையும் அதைச் சுற்றிய நிலத்தையும் பாதுகாக்க அரசு நிதி கொடுக்கும். குளத்தை அளந்து எல்லைக்கல் நடுவார்கள், கரையில் மரம் வைப்பார்கள், சுற்றிலும் நடைபாதை போடுவார்கள். நான் பேப்பரோடு சாடி எழுந்தேன். எனக்கு மரமும் பூங்காவும் பெரிதில்லை, கல்லும் பாதையும்தான் வேண்டும். பாதை போட்டுவிட்டால் அதன்மேல் எவன் மண் தட்டுவான்? ஊரில் உள்ள சர்க்கரை நோய்க்காரர்கள் எல்லாம் காலையும் மாலையும் சம்பளமில்லாமல் காவல் நிற்பார்களே!

விண்ணப்பம் இருபது பக்கம். எழுதினவர் ஒரு குளத்தையாவது கண்ணால் பார்த்திருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். யானைச் சறுக்குப் பலகை தேவையா, ஆம் அல்லது இல்லை. செயற்கை நீரூற்று தேவையா, ஆம் அல்லது இல்லை. (குளத்துக்குள் நீரூற்று!) புல்தரைக்குத் தண்ணீர் வசதி உண்டா? ஏழாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள், பாதுகாக்கப்பட வேண்டிய இடம் எது என்று. நான் அதை நிரப்ப உட்கார்ந்த அன்றைக்குப் பார்த்து டிப்பர் ஒன்று எங்கள் வாசலில் காயப் போட்டிருந்த நெல்லின் மேல் ஏறிப் போயிருந்தது. கோபத்தில் எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

இடம்: முத்தாரங்குளம் பத்து.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கள் விண்ணப்பம் முதற்கட்டத்தில் தேர்வாகியுள்ளது. வாசித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினேன். மாமா, அத்தை, என் வீட்டுக்காரர் தாணு எல்லாரும் கூடிவிட்டார்கள். தாணு தோவாளைச் சந்தையிலிருந்து பூ ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர். எதற்கும் பதறாத மனுஷன். அவர்தான் கடிதத்தை வாங்கி இரண்டாவது வரியைப் படித்தார்.

"ஏட்டி பகவதி, இதென்ன? 'முத்தாரங்குளம், எண்ணிக்கை 10'னு போட்டிருக்கு?"

"பத்துன்னு எழுதினேன்."

"அதத்தான் அவனும் எழுதியிருக்கான். குளம், பத்து."

பிறகு அத்தை வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார். அவர் சிரிப்புச் சத்தம் தொழுவத்திலிருந்து கேட்டது.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வடையைக் கடித்தபடி நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"திருத்தம்னா ரத்தாயிரும்மா. அடுத்த வருசம் புதுசா போடணும்."

"சார், ஒரு குளந்தான் உண்டு. பத்துங்கத ஒண்ணுன்னு மாத்தினா போரும்."

"கூட்டணும்னா ஒரு வழி இருக்கு. குறைக்க வழி இல்ல. கம்ப்யூட்டர் எடுக்காது."

அடுத்த வருடம் வரைக்கும் டிப்பர் காத்திருக்குமா? அதற்குள் அந்த மூலையில் வீடு கட்டி, பால் காய்ச்சி, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயும் தொங்கவிட்டுவிடுவார்கள். நான் அந்த வடையையும் அந்தக் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தேன். உள்ளே ஒரு அதிகாரி இருப்பார், அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்களுக்குப் பத்துக் குளம்தானே வேண்டும்? காட்டிவிட்டால் போயிற்று.

முத்தாரங்குளம் பெரிய குளம். சுற்றிவர ஒரே ரோடு கிடையாது. ஊர் வழியாக ஒரு கரைக்குப் போகலாம், வாழைத் தோட்டம் வழியாக ஒன்று, கோயில் வழியாக ஒன்று, சர்ச் வழியாக ஒன்று. சந்து சந்தாகச் சுற்றிப் போய் வேறு வேறு கரையில் நிறுத்தினால், வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? ஆய்வுக்கு வருகிற அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று விசாரித்து வைத்திருந்தேன். (புத்திசாலித்தனத்தில் எனக்குக் குறையே கிடையாது.)

மாமாதான் தயங்கினார். "மக்கா, பொய்யில கட்டின கரை நிக்குமா?"

"மூலைய மூடின பொறவு உண்மைய வச்சு என்ன மாமா செய்ய? வெள்ளம் பாயுமா அதுல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஒன்பது குளங்களுக்குப் பெயர் வேண்டுமே. மாமா பெயரில் பூதலிங்கங்குளம். என் வீட்டுக்காரர் பெயரில் தாணுக்குளம். கூச்சமே இல்லாமல் என் பெயரில் பகவதிக்குளம். அத்தை வந்து கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வீட்ல வந்த நாள்லேருந்து ஒழைக்கது நானாக்கும். எனக்கு ஒரு கொளம் கெடையாதா?"

பொன்னம்மாக்குளம் என்று எழுதினேன். சொந்தக்காரர்கள் பெயர் எல்லாம் தீர்ந்து, கடைசியில் எங்கள் பசுவின் பெயரில் செவலைக்குளம் வைத்தபோதுதான் கணக்கு பத்தானது. எல்லாவற்றையும் அட்டை அட்டையாக எழுதி அந்தந்தக் கரையில் கட்டினோம். அன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை, சந்தோஷமாக இருந்தேன். அதனால் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருந்தது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வேதமாணிக்கம். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ச் சபையில் மூப்பர். காலையில் குளத்தில் இறங்கினால் வெயில் ஏறித்தான் கரையேறுவார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஜெபம் பண்ணுவார், பல் தேய்ப்பார், போகிறவர் வருகிறவரிடம் அரசியல் பேசுவார். அவர் குளிக்கிற படித்துறையில்தான் எங்கள் முதல் குளம். முந்தின நாளே அவரிடம் போய் நின்றேன்.

"தாத்தா, நாளைக்கு ஒரு நாள் குளிக்காண்டாம். ஆபீசர் வாராரு."

"அவரு வந்தா நான் ஏன் நாறணும்? நான் குளிப்பேன் மக்கா."

"அப்பம் வேற கரைல குளியுங்க. ஆபீசர் கண்ல படாம."

"அது கொள்ளாம், நல்ல காரியம். கண்டிப்பா மாறிக் குளிக்கேன். ஆனா எங்கிட்ட எதாவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன், கேட்டியா?"

அதிகாரி வந்தார். ஒல்லியாக, அமைதியாக, கையில் ஒரு ஃபைலும் ஒரு ஃபோனுமாக. அவர் ஜீப் ரிப்பேராம். தாணுவின் வேனிலேயே ஏற்றிக்கொண்டோம். அன்று காலையில்தான் தாணு சந்தையிலிருந்து பிச்சிப்பூவும் கேந்திப்பூவும் ஏற்றிப் போய் இறக்கியிருந்தார். வண்டிக்குள் கல்யாண வீட்டு வாசம். அதிகாரி தும்மிக்கொண்டே வந்தார்.

முதல் குளம், முத்தாரங்குளம். பிரமாதமாகப் போயிற்று. படித்துறை காலி. தாமரை பூத்திருந்தது. "அருமையான குளமுங்க" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வாழைத் தோட்டம் வழியாக ஒரு சுற்று சுற்றி இரண்டாவது குளத்துக்குப் போனோம். பூதலிங்கங்குளம். கரையேறிப் பார்த்தால் கழுத்தளவுத் தண்ணீரில் வேதமாணிக்கம். தலை முழுக்கச் சோப்பு நுரை. எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "ஸ்தோத்திரம் சார்!" அதிகாரியும் கும்பிட்டார். நான் பின்னால் நின்று, அங்கே போ அங்கே போ என்று கையைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுத் துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நல்ல மனுஷன், சொன்ன சொல் கேட்கிறவர். கேட்டதுதான் வினையாயிற்று.

மூன்றாவது தாணுக்குளம், பிழைத்தோம். நான்காவது பொன்னம்மாக்குளம். சர்ச் பின்னால் வண்டியை நிறுத்தி இறங்கினால், நான் கை காட்டிய அதே பக்கம், மறுபடியும் கழுத்தளவுத் தண்ணீரில் வேதமாணிக்கம். இப்போது நுரை கழுவியிருந்தார்.

"அந்தப் பெரியவரை அங்கயும் பாத்த மாதிரி இருக்குதுங்களே?" என்றார் அதிகாரி.

என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "அவரு இவரோட அண்ணன் சார். ரெண்டு பேருக்கும் ஒரே சாடை."

"ஓகோ. எல்லாக் குளத்துக்கும் பின்னால ஒரே மலை தெரியுதுங்களே?"

"தாடகை மலை சார். ரொம்ப நீளம்."

தாணு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மனுஷன் அழுகிறாரோ என்று நினைத்தேன் (அழவில்லை என்று பிற்பாடு தெரிந்தது).

இங்கேதான் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கரைக்குப் போக வேண்டிய நேர்வழி தென்கிழக்கு மூலை வழியாக. அங்கே டிப்பர் நின்றது, மண்மேடு நின்றது, கலர் கொடி நின்றது. அதைக் காட்டினால், இது எந்தக் குளம், பக்கத்தில் எது என்று அவர் கேட்பார், என் பத்துக் குளமும் கலைந்துவிடும். "இடது பக்கம் ஒடிங்க" என்று தாணுவிடம் சொன்னேன். ஒரு அரசு அதிகாரி எங்கள் ஊருக்கு வந்த ஒரே நாளில், அவர் பார்க்க வேண்டிய ஒரே இடத்தை, அவர் கண்ணில் படாமல் நானே சுற்றிக் கூட்டிப் போனேன். முதலாளி எனக்கு லஞ்சம் கொடுத்திருந்தால்கூட இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க மாட்டேன்.

ஆறாவது, பகவதிக்குளம். என் பெயரில் உள்ள குளம். கரையில் ஏறினோம். வேதமாணிக்கம் இடுப்பளவுத் தண்ணீரில், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, கடுங்கோபத்தில் நின்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "இவரு மூணாவது தம்பிங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேதமாணிக்கம் கத்தினார். "ஏட்டி பகவதி! ஆபீசர் கண்ல படாண்டாம்னு நீதானே சொன்னா? நானும் கரை கரையா மாறிக் குளிக்கேன். நான் போற எடத்துக்கெல்லாம் வண்டியக் கொண்டாந்து நிறுத்துகா! இந்த ஒத்தக் கொளத்துல மனுசன் இனி எங்கட்டீ போவான்?"

அந்த 'ஒத்தக் கொளத்துல' கரையில் மோதித் திரும்பி வந்த மாதிரி என் காதில் இரண்டு தடவை கேட்டது.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். அவர் ஃபோனைத் திருப்பி எனக்குக் காட்டினார். மேப். நடுவில் ஒரே ஒரு நீலத் திட்டு, அதைச் சுற்றி நாங்கள் வந்த தடம், எறும்பு ஊர்ந்தது மாதிரி.

"மூணாவது குளத்துலயே தெரியுமுங்க. எது வரைக்கும் போவீங்கன்னு பாத்துட்டு வந்தேன்."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து, ஏலா, ஏலேலோ, கம்ப்யூட்டர், வடை, டிப்பர். அழுதுகொண்டே சொன்னதில் வரிசை மாறிப்போயிருக்கும். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பத்துன்னா என்னங்க?"

"வயக்காடு சார். இந்தக் குளத்துத் தண்ணி பாயற வயக்காடு."

அவர் திரும்பி வயலைப் பார்த்தார். "இதை ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி எங்கிட்டக் குடுத்திருந்தா, அங்கயே திருத்திக் கையெழுத்துப் போட்டு ஒரு குளத்துக்கு அனுப்பியிருப்பனுங்களே. அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்குதுங்க."

"இப்பம் திருத்துங்க சார். காலப் பிடிக்கேன்."

"ஊர் பூரா அட்டை கட்டி வெச்சிருக்கீங்க. இப்ப நான் திருத்தினா, நானும் சேர்ந்து செஞ்ச மாதிரி ஆயிருமுங்க."

தென்கிழக்கு மூலைக்கு வந்து ஒரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். வந்தார், பார்த்தார். டிப்பர்க்காரன் அவர் முன்னாலேயே ஒரு லோடு தட்டினான். "இதை நான் எழுதினா யார் நம்புவாங்க?" என்றார். அது என்னைப் பற்றிய பேச்சு. ஒரு குளத்தைப் பத்து என்று காட்டினவள், கால் குளத்தைக் காணோம் என்றால் எவன் நம்புவான்? அவர் போய் அறிக்கை எழுதினார். ஒரு குளம் உள்ளது, ஒன்பது குளங்கள் காணப்படவில்லை. மானியம் ரத்து. ஒரு வார்த்தை பொய் இல்லாத அறிக்கை. அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு இடம் இல்லாமல் போனதுதான் இன்றைக்கும் எரிகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இதைக் கெட்ட கனவு என்று மறந்திருப்பேன். ஆறு மாதம் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. அந்த அறிக்கையின் நகல் இன்னொரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே உள்ளவர்கள் ஒரே ஒரு வரியைப் படித்திருக்கிறார்கள். ஒன்பது குளங்கள் காணப்படவில்லை. உடனே ரத்தம் கொதித்திருக்கிறது. எங்கள் குளத்தில் மண் விழுந்தபோது ஒரு வருடமாகக் கொதிக்காத ரத்தம்! பூதலிங்கங்குளம், தாணுக்குளம், பொன்னம்மாக்குளம், செவலைக்குளம் முதலான ஒன்பது நீர்நிலைகளை ஆக்கிரமித்தவர்கள் யார், அவை எப்போது மூடப்பட்டன என்று சங்கச் செயலாளர் பதினைந்து நாளுக்குள் விளக்க வேண்டும், தவறினால் செயலாளர் மீதே நடவடிக்கை.

அத்தை நோட்டீசை வாங்கித் தன் பெயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "என் பேரு கவர்மெண்டுல ஏறியாச்சு" என்றார். பிறகுதான் அடுத்த வரி புரிந்தது. "சவத்தெளவு, என்ன மூடினது ஆருன்னுல்லா கேக்கான்?"

நில அளவையர் வந்தார், சங்கிலியும் உதவியாளருமாக. எத்தனை மனு போட்டும் வராத சங்கிலி. இல்லாத குளங்களைத் தேடி ஊர் முழுக்க நடந்தார். கடைசியில் களைத்துப் போய்த் தென்கிழக்கு மூலையில், மண்மேட்டின் மேல் ஏறி நின்று வேர்வையைத் துடைத்தார்.

"எங்கேயம்மா அந்தக் குளமெல்லாம்?"

"நீங்க நிக்கதே குளத்துக்குள்ளதான் சார்."

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இது முத்தாரங்குளமாச்சேம்மா. காணாமப் போன குளம் லிஸ்ட்ல இது இல்ல. இதுக்கு நேரா 'உள்ளது'ன்னு போட்டிருக்கு."

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வேதமாணிக்கம் குளத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார். குளித்து முடிக்காமல் அவர் கரையேறியது அந்த ஒரு நாள்தான். என்ன சத்தம் போட்டு என்ன? அளவையர் நல்லவர்தான், சாயா வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். லிஸ்டில் இல்லாததை அளக்க அவருக்கு உத்தரவு இல்லை.

இது நடந்து ஏழு வருடமாகிறது. இப்போது அந்த மூலையில் பதினோரு வீடு இருக்கிறது. நுழைவாயிலில் வளைவு கட்டி 'குளக்கரை நகர்' என்று எழுதியிருக்கிறார்கள். குளத்துக்குள் கட்டிவிட்டுக் குளக்கரையாம்! கீழ்மடை அவர்கள் கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. கும்பப்பூவில், அதாவது இரண்டாம் போகத்தில், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவதில்லை. மாமா இப்போது அங்கே நெல்லுக்குப் பதிலாக மரச்சீனிக் கிழங்கு நடுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம்.

வீட்டில் மற்றவர்கள் அந்த மாதிரி மரியாதை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. சாவியைக் காணோம், கண்ணாடியைக் காணோம் என்றால் தாணு திரும்பிக்கூடப் பார்க்காமல், "செவலைக்குளத்துல கெடக்கும், போய்ப் பாரு" என்பார். சுசீந்திரம் தேரோட்டத்தில் அத்தை கூட்டத்தில் தொலைந்தபோது, தாணு மைக் வைத்திருந்தவரிடம் போய், பொன்னம்மாக்குளத்தைக் காணவில்லை என்று அறிவிக்கச் சொன்னார். அந்த மனுஷனும் அப்படியே அறிவித்துவிட்டார். அத்தை அதைக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தார், இன்று வரைக்கும் அதில் அவருக்குப் பெருமை. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்னை அறிமுகப்படுத்துவதே, "பத்துக் கொளத்துக்காரி" என்றுதான்.

ஃபைல் மூடவில்லை என்றேனே. வருடா வருடம் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். ஒன்பது குளங்களின் தற்போதைய நிலை என்ன? முதலில் எல்லாம் விளக்கமாக எழுதினேன், பத்து என்றால் வயல் என்று. பிறகு சுருக்கமாக எழுதினேன். பிறகு எழுதாமலே விட்டேன். போன வாரமும் வந்தது. நான் அதைக் கிழிக்கப் போனேன். அத்தை கையைப் பிடித்தார்.

"ஏன் கிழிக்கே? அந்த ஒம்பது கொளத்துக்கு என்ன கொற? ஒருத்தன் மண்ணு தட்ட முடியுமா அதுல? ஒருத்தன் வீடு கெட்ட முடியுமா? நம்ம ஊர்ல பத்திரமா இருக்கது அது மட்டும்தான். அத எழுதி அனுப்பு."

பேனாவை எடுத்தேன். ஒன்பது குளங்களும் நலமாக உள்ளன. பத்தாவது குளத்தைத்தான் காணவில்லை, தயவுசெய்து வந்து தேடவும்.

கையெழுத்து என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக விழுந்ததில்லை.